பகலில் உத்தியோகம், மாலையில் பாடம்

2022 ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டு ரஸ்தாக்களில் விபத்துக்குள்ளாகி மாண்டவர்கள் 17,884 பேர் என்று மத்திய சர்க்காரின் ரஸ்தாப் போக்குவரத்து இலாகா வெளியிட்ட கணக்குக் கூறுகிறது. மரணத் தொகையில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த ஸ்தானம் நம்முடையது. விபத்துக்களின் எண்ணிக்கையிலோ 64,105 என்ற தொகையுடன் இந்தியா முழுமைக்கும் நாமே முன்னே நின்றோம். விபத்து நேர்ந்த மறுநாள் நாம் வழக்கமாகச் செய்வது யாது? லாரி டிரைவர் மீது குற்றம் சுமத்துகிறோம். அல்லது தலைக்கவசம் அணியாத வாலிபனை நொந்து கொள்கிறோம். போலீஸார் வழக்குப் பதிவு செய்கின்றனர். நஷ்ட ஈட்டுக் கோர்ட்டில் வக்கீல்களுக்கு வேலை கிடைக்கிறது. அந்த வளைவை அவ்விதம் அமைத்தவர் யார், அந்தச் சந்தியில் பாதசாரி கடப்பதற்கு எத்தனை விநாடி விடப்பட்டிருந்தது, அந்த விநாடிகளைக் கணக்கிட்டவர் அக்கணக்கை எங்கே கற்றார் என்ற கேள்விகளை எவரும் கேட்பதில்லை.

நாம் கேளாவிட்டாலும் சட்டம் கேட்கத் தொடங்கிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019 ஆம் வருஷத்தில் பார்லிமெண்டு செய்த திருத்தத்தின் மூலம் 198-ஏ என்றொரு பிரிவு புதிதாகச் சேர்க்கப்பட்டது. ரஸ்தாவைத் திட்டமிடுவதிலும் அமைப்பதிலும் பராமரிப்பதிலும் விதிக்கப்பட்ட தரத்தை அனுசரிக்கத் தவறி, அதனால் மரணமோ அங்கவீனமோ நேருமாயின், பொறுப்புள்ள அதிகாரிக்கும் கான்ட்ராக்டருக்கும் ஆலோசகருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரையில் அபராதம் விதிக்கலாம் என்பது அதன் சாரம். ஓர் உயிருக்கு ஒரு லட்சம் என்பது அற்பத் தொகையே என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். அந்த ஆக்ஷேபத்தில் நியாயமுண்டு. ஆயினும் தொகையைக் காட்டிலும் தத்துவம் பெரிது. வண்டி ஓட்டியவனோடு வீதியை வகுத்தவனும் விடை கூற வேண்டியவன் என்று நம் நாட்டுச் சட்டம் சொல்லிவிட்டது.

நல்லது. ஒருவனைப் பொறுப்பாளியாக்குமுன் அவனுக்கு அப்பொறுப்பை நிறைவேற்றும் கல்வியை அளித்தோமா என்று பார்ப்பதன்றோ நீதி? நம் கார்ப்பொரேஷன்களிலும் நெடுஞ்சாலை இலாகாவிலும் உதவி இஞ்சினீயராக அமரும் வாலிபர், ஆணாயினும் பெண்ணாயினும், சிவில் இஞ்சினீயரிங் படித்துத் தேறியவர். பாலம், கட்டடம், மண், நீர், சாக்கடை, கான்கிரீட் ஆகிய அனைத்தையும் நான்கு வருஷத்தில் ஒருவாறு பார்த்து வந்தவர். ரஸ்தா போடும் முறை பற்றி ஒரு பாடம் இருந்திருக்கும். ரயில்வேக்களும் துறைமுகங்களும் பற்றி மற்றொரு பாடம். போக்குவரத்து என்பது பெரும்பாலும் விரும்பியவர் எடுத்துக்கொள்ளும் விருப்பப் பாடமாகவே இருந்து வருகிறது. அவர் உத்தியோகத்தில் அமர்ந்த முதல் வாரமே, நாளொன்றுக்குப் பல்லாயிரம் ஜனங்கள் கடக்கும் ஒரு சந்தியைச் சீர்திருத்தும் பொறுப்பு அவர் மேஜைக்கு வந்து சேருகிறது. தாருக்கு எத்தனை அங்குலம் ஜல்லி வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அந்த வழியே யார், எங்கிருந்து, எதற்காக, எந்நேரத்தில் போகிறார்கள் என்பதைக் கண்டறியும் சாஸ்திரத்தை அவருக்கு எவரும் போதிக்கவில்லை.

அப்படி ஒரு சாஸ்திரம் உண்டா என்று வாசகர்கள் வினவக்கூடும். உண்டு. ஒரு நகரத்தைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, வீடு வீடாகச் சென்று விசாரித்து, ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் எத்தனை பிரயாணங்கள் புறப்படுகின்றன, அவை எவ்வெவ்விடங்களுக்குப் போகின்றன, பஸ்ஸிலா ரயிலிலா மோட்டார் சைக்கிளிலா நடந்தா, எந்த வீதி வழியாக என்று படிப்படியாகக் கணக்கிடும் முறை அமெரிக்காவில் சிகாகோ முதலிய நகரங்களில் 1950 க்குப் பிந்திய வருஷங்களில் உருவாயிற்று. சந்தி விளக்கு எத்தனை விநாடிக்கொரு முறை மாறினால் ஜனங்கள் காத்திருக்கும் நேரம் மிகக் குறையும் என்பதற்கு இங்கிலாந்தில் வெப்ஸ்டர் என்பவர் 1958 இல் ஒரு சூத்திரம் வகுத்தார். இன்றும் உலகெங்கும் மாணவர்கள் அதைக் கற்கிறார்கள். புதிதாக ஒரு வீதியைத் திறந்துவிட்டால் எல்லோருக்கும் பிரயாண நேரம் குறைவதற்குப் பதிலாக அதிகரிக்கவும் கூடும் என்று 1968 இல் ஜெர்மன் கணித சாஸ்திரி பிரேஸ் நிரூபித்தார். ஒரு மேம்பாலத்தைத் திறந்துவைக்கும் மந்திரிக்கு இச்செய்தி இனிக்காது. ஆனால் அதற்குத் திட்டம் வரையும் இஞ்சினீயர் இதை அறியாதிருக்கலாகாது.

இந்தச் சாஸ்திரத்தின் முதற்பாடமே எதை எண்ணுவது என்பதாகும். இதைச் சற்று விரித்துச் சொல்வது அவசியம். ஏனெனில் நம் வீதிகளின் சங்கடம் பெரும்பாலும் இதிலேயே அடங்கியிருக்கிறது. பல ரக வண்டிகள் கலந்தோடும் வீதியில் போக்குவரத்தை அளக்க இந்திய ரஸ்தா காங்கிரஸ் 1990 ஆம் வருஷத்து விதியொன்றில் ஓர் அளவு கொடுத்திருக்கிறது. மோட்டார் கார் ஒன்று எனக் கொண்டால், வீதியிலோடும் வண்டிகளில் பஸ்களும் லாரிகளும் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் இருக்கையில் பஸ் ஒவ்வொன்றும் 2.2 காருக்குச் சமானம். அவை நூற்றுக்குப் பத்தோ அதற்கு மேலோ ஆயின் 3.7 காருக்குச் சமானம். வீதியில் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் குறித்த வரையில் இக்கணக்கில் பிழையில்லை. ஆனால் இதை மாத்திரம் கையில் வைத்துக்கொண்டு வீதியைப் பார்க்கும் உத்தியோகஸ்தருக்குப் பஸ் என்பது மூன்று நான்கு கார்களின் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் இடைஞ்சலாகவே தோன்றும். அந்தப் பஸ்ஸில் 50 பேர் பிரயாணம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 3.7 ஆல் வகுத்தாலும் ஒரு காரின் இடத்தில் 13 பேருக்குக் குறையாமல் போகிறார்கள். காரில் போகிறவர்களோ பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர். வண்டிகளை எண்ணினால் பஸ் குற்றவாளி. மனிதர்களை எண்ணினால் அதுவே வீதியின் தர்மகர்த்தா. வண்டிகளையன்று, மனிதர்களைக் கொண்டு செலுத்துவதே நோக்கமாக இருக்கவேண்டுமென்று 2006 இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட தேசீய நகரப் போக்குவரத்துக் கொள்கை பிரகடனம் செய்தது. கொள்கை டில்லியில் அச்சாகிவிட்டது. எண்ணும் முறையை மாற்ற வேண்டிய கை வார்டு ஆபீஸில் இருக்கிறது.

அந்த டில்லியிலேயே நடந்ததைப் பாருங்கள். அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரையில், ஆறு கிலோ மீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரத்துக்கு, வீதியின் மத்தியில் பஸ்களுக்கென்றே தனிப்பாதை ஒன்று 2008 இல் திறக்கப்பட்டது. மோட்டார் கார்க்காரர்கள் கொதித்தெழுந்தனர். வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. 2012 இல் கோர்ட்டார் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தனர். ஆயினும் 2016 இல் சர்க்காரே அப்பாதையை அகற்றிவிட்டது. ஆமதாபாத்தில் 2009 இல் தொடங்கிய அதே மாதிரியான ஏற்பாடோ நிலைத்து நடந்து வந்திருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அரசியல் காரணங்கள் பல கூறுவர். அவற்றை நாம் மறுக்கவில்லை. பஸ் ஸ்தலத்தைச் சந்திக்கு எவ்வளவு தூரத்தில் வைப்பது, நடந்து வருகிறவன் எவ்விடத்தில் கடப்பது, விளக்கு எவ்வளவு நேரம் நிற்பது என்ற நுட்பங்களும் அவற்றோடு சேர்ந்தவை. நுட்பம் தவறினால் நல்ல கொள்கையும் ஜனங்களிடம் கெட்ட பெயர் எடுத்துவிடும்.

நம் சென்னைக்கு வருவோம். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து சேப்பாக்கம் வரையில் 1995 இலும், மயிலாப்பூர் வரையில் 1997 இலும், வேளச்சேரி வரையில் 2007 இலும் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயிலை அறியாதவர் இல்லை. பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி வானளாவ எழுப்பிய அந்த ஸ்டேஷன்களின் விசாலமான மாடிகள் ஆண்டுக்கணக்காக வெறிச்சோடிக் கிடந்ததையும் அறிவோம். ரயில் வந்தது, ரயிலுக்கு நடந்து வரும் பாதை வரவில்லை. பஸ் ஒரு வீதியில் நின்றது. ஸ்டேஷன் வாயில் மற்றொரு வீதியில் திறந்தது. தலைமேல் ஓடும் ரயிலைப் பார்த்துக்கொண்டே கீழே பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரைச் சுற்றி 1972 இல் ஒரு புதிய ரயில் தொடங்குமுன், நூற்றுக்கு 15 பேர் அதில் போவார்கள் என்று உத்தியோகபூர்வமான மதிப்பீடு கூறிற்று. பொருளாதார நிபுணரான மக்பேடன் என்பவர் தாம் வகுத்த புது முறைப்படி கணக்கிட்டு 6.3 என்றார். ஓடத் தொடங்கிய பின் எண்ணிப் பார்த்தபோது 6.2 இருந்தது. அவருக்கு 2000 ஆம் வருஷத்தில் நோபல் பரிசு கிடைத்தது. ஜனங்கள் எதை ஏற்பர், எதை ஒதுக்குவர் என்பதை முன்கூட்டி அறிய வழியுண்டு என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். அவ்வழி இன்று போக்குவரத்து மேற்பட்டப் படிப்பின் சாதாரணப் பாடங்களில் ஒன்று.

அப்படியானால் மேற்பட்டம் பெற்றவர்களைப் புதிதாக நியமித்துவிட்டால் தீர்ந்தது என்று சிலர் கூறலாம். சிலரை நியமிக்கத்தான் வேண்டும். ஆனால் ஏற்கெனவே உத்தியோகத்தில் உள்ள நூற்றுக்கணக்கானவர்களை என்ன செய்வது? அவர்கள் இன்னும் இருபது முப்பது வருஷம் அதே மேஜைகளில் இருக்கப்போகிறவர்கள். கையெழுத்து அவர்களுடையது, கோப்பு அவர்களிடம். சம்பளமில்லாமல் இரண்டு வருஷம் லீவு எடுத்துக்கொண்டு படிக்கும் வசதி, வயதான பெற்றோரையும் பள்ளிக்குப் போகும் குழந்தைகளையும் காப்பாற்றுகிற ஓர் உதவி இஞ்சினீயருக்கு ஏது? ஆகவே பகலில் உத்தியோகத்தைப் பார்த்துக்கொண்டு மாலையில் படிக்கும் பகுதி நேரப் படிப்பே இவர்களுக்கு உகந்த மார்க்கம் என்பது நமது அபிப்பிராயம்.

இது புதுமையன்று. கிண்டி இஞ்சினீயரிங் கல்லூரியின் மூலமே, 1794 இல் நில அளவைக்காரர்களைத் தயாரிப்பதற்காகத் தொடங்கிய ஒரு பள்ளிக்கூடம். சர்க்காருக்கு ஒரு வேலை ஆகவேண்டியிருந்தது; அவ்வேலைக்கு ஆட்களைப் பழக்கப் பள்ளி பிறந்தது. டிப்ளமா பெற்று வேலைக்குப் போனவர்கள் மாலை வகுப்பில் பி.இ. பட்டம் பெறுவதற்குக் கோயமுத்தூர், சேலம் முதலிய இடங்களில் உள்ள சர்க்கார் கல்லூரிகள் நெடுநாளாக இடம் கொடுத்து வந்திருக்கின்றன. அண்ணா சர்வகலாசாலையிலும் எம்.இ. பட்டத்தைப் பகுதி நேரமாகப் படிக்கும் முறை இருந்து வந்திருக்கிறது. முழுநேர மாணவருக்கு நான்கு பருவமெனில் இவர்களுக்கு ஆறு பருவம். இங்கிலாந்தில் லீட்ஸ் போன்ற சர்வகலாசாலைகளில் போக்குவரத்து மேற்பட்டத்தை இரண்டு மூன்று வருஷங்களில் பகுதி நேரமாக முடிக்கலாம். அங்குள்ள நகரசபைகளும் ஆலோசனைக் கம்பெனிகளும் தங்கள் ஊழியரை வேலை நாளிலேயே வகுப்புக்குச் செல்ல விடுவதுண்டு. நம்மவர்கள் இங்கிலாந்திடமிருந்து ஆபீஸ் பைலையும் சிவப்பு நாடாவையும் ஆவலோடு கற்றுக்கொண்டனர். ஊழியனைப் படிக்க விடும் இவ்வழக்கத்தை மாத்திரம் ஏனோ கப்பலிலேயே விட்டு வந்தனர்.

பகுதி நேரப் படிப்பு என்றால் மட்டமான படிப்பு என்றோர் எண்ணம் படித்தவர்களிடையிலும் பரவியிருக்கிறது. வேறு சாஸ்திரங்களைப் பற்றி நாம் வாதிக்க வரவில்லை. இந்த ஒரு சாஸ்திரத்தில் உண்மை அதற்கு எதிரிடையானது என்போம். போக்குவரத்துக்குப் பரிசோதனைச்சாலை வீதியேயன்றி வேறில்லை. முழுநேர மாணவர் ஒருவர் தமது ஆராய்ச்சிக்காக ஒரு சந்தியில் இரண்டு நாள் நின்று வண்டிகளை எண்ணுவார். பின்பு பட்டம் பெற்று வேறூர் போவார். அச்சந்திக்கு உரிய உதவி இஞ்சினீயரே மாணவராக இருந்தால், அங்கே கறிகாய்க் கடை எந்நேரத்தில் விரிக்கப்படும், பள்ளிக்கூடம் எப்போது விடும், மழைக்காலத்தில் எந்த மூலையில் நீர் தேங்கும் என்பவை புத்தகத்தைத் திறக்குமுன்பே அவருக்குத் தெரியும். திங்கட்கிழமை மாலை கற்ற சூத்திரத்தைச் செவ்வாய்க்கிழமை காலை தம் வார்டில் வைத்துச் சோதிக்கலாம். சோதனை பொய்த்தால் ஆசிரியரிடம் திரும்பி வந்து, ‘நமது வீதியில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையில் நிற்பதில்லையே, இந்த மேனாட்டுச் சூத்திரம் எப்படிப் பொருந்தும்?’ என்று கேட்கலாம். அக்கேள்வியால் ஆசிரியருக்கும் லாபம். வக்கீல் தொழிலை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்: மூத்த வக்கீலின் அறையில் கட்டுத் தூக்கிக்கொண்டே சட்டம் பயின்றவருக்கு, புத்தகம் மட்டும் படித்து வந்தவர் எளிதில் ஈடாவதில்லை.

இனி இடையூறுகளைப் பார்ப்போம். ரிப்பன் மாளிகையில் ஐந்தே முக்கால் மணிக்குக் கோப்பை மூடிவிட்டு ஆறரை மணி வகுப்புக்குக் கிண்டிக்குப் போகவேண்டிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். அந்நேரத்தில் அண்ணா சாலையைக் கடந்து வகுப்புக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டால், அவருக்குப் பரீட்சை வைக்காமலே பட்டம் கொடுத்துவிடலாம்! வேடிக்கை ஒருபுறமிருக்க, மேலதிகாரி ஐந்து மணிக்குக் கூட்டம் கூட்டினால் வகுப்பு போயிற்று. மழைக்காலம் வந்தால் வெள்ள நிவாரண வேலை. தேர்தல் வந்தால் தேர்தல் வேலை. வருகைக் கணக்குக் குறைந்து பரீட்சை எழுத முடியாமற் போகும். நடுவில் வேறு ஜில்லாவுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டாலோ மூன்று வருஷப் படிப்பு ஒன்றரை வருஷத்தோடு அஸ்தமித்தது. ஸ்திரீகளான இஞ்சினீயர்களுக்கு இரட்டைக் கஷ்டம். ஆபீஸும் வகுப்பும் முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் பெண்ணுக்காக அடுப்பங்கரை வேலை காத்துக்கொண்டிருக்கும். அந்நேரத்தில் ஒளியுள்ள பஸ் ஸ்தலமும் உரிய பஸ்ஸும் இருந்தால் அதுவே பெரிய பாக்கியம். இத்தனையையும் தாண்டிப் பட்டம் வாங்கி வந்தவரை, அவர் படித்ததற்குச் சம்பந்தமே இல்லாத சாக்கடைப் பிரிவில் அமர்த்துவதற்கும் நம் இலாகாக்களில் தடையொன்றும் இல்லை.

நேர்வழி குறுகியிருந்தால் ஜனங்கள் குறுக்குவழியை நாடுவர். ஒரிஸ்ஸாவின் பாசனக் கார்ப்பொரேஷன் ஒன்றைச் சார்ந்த வழக்கில் 2017 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பை வாசகர்களிற் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். உத்தியோகத்திலிருந்துகொண்டே தபால் மூலம் இஞ்சினீயரிங் பட்டம் பெற்றவர்களைப் பற்றியது அது. உரிய சபையின் முன்னனுமதியில்லாமல் சில நிகர்நிலைச் சர்வகலாசாலைகள் அத்தகைய பட்டங்களை அளித்துவந்தன. 2001 முதல் 2005 வரையில் சேர்ந்தவர்களின் பட்டங்களை நிறுத்திவைத்து, அவர்கள் தனிப் பரீட்சையொன்றில் தேறவேண்டும் என்றும், அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் செல்லா என்றும் கோர்ட்டார் தீர்மானித்தனர். சட்டப்படி அத்தீர்ப்பு சரியே. பரிசோதனைச்சாலையில் கால் வைக்காமல் ஒருவர் இஞ்சினீயராக முடியாது. ஆனால் அப்பட்டங்களை வாங்கியவர்கள் எல்லோரும் வஞ்சகர்களா? பலர் வேலையை விடமுடியாமல், பக்கத்தில் மாலைக் கல்லூரி இல்லாமல், பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டுமென்று இலாகா சொன்னதால் பணத்தைக் கட்டி ஏமாந்தவர்கள். கற்கும் தாகத்தோடு வருகிறவனுக்குக் கிணற்றை மூடிவிட்டு, கானல் நீரைத் தேடிப் போனானே என்று கண்டிப்பதில் பயனில்லை. இன்று நாட்டின் பெரிய தொழில் நுட்பக் கழகங்களின் ஆசிரியர்கள் நிகழ்த்தும் பிரசங்கங்களைக் காசில்லாமல் வீட்டிலிருந்தே கேட்க முடிகிறது. அது பெரிய உபகாரம். எனினும் நேரில் கேள்வி கேட்டு மடக்கும் ஆசிரியரின் ஸ்தானத்தைப் பதிவு செய்த பிரசங்கம் நிரப்பமாட்டாது.

சர்க்கார் செலவில் படித்துவிட்டு, பட்டம் கிடைத்தவுடன் அதிக சம்பளம் கொடுக்கும் ஆலோசனைக் கம்பெனிக்கோ துபாய்க்கோ போய்விட்டால் என்ன செய்வது என்பது கஜானாவைக் காப்பவர்களின் ஆக்ஷேபம். நியாயமான கவலைதான். இதற்குச் சட்டத்தில் பரிகாரம் இருக்கிறது. படிப்பு முடிந்தபின் மூன்று அல்லது ஐந்து வருஷம் ஊழியம் செய்வதாகவும், தவறினால் செலவான தொகையைத் திருப்பிக் கொடுப்பதாகவும் ஒப்பந்தம் எழுதி வாங்கலாம். பாங்கு உத்தியோகஸ்தர் ஒருவர் மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்டவேண்டுமென்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஒப்பந்தத் தொகை செலவுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். அடிமைச் சாஸனமாகிவிடக் கூடாது. அவ்வளவே. மேலும், படித்தவருக்கு அவர் படித்த வேலையைக் கொடுத்து அதற்கேற்ற பதவியையும் கொடுத்தால் ஓடுகிறவர்கள் குறைவார்கள். ஒரு மேம்பாலத்தின் செலவோடு ஒப்பிடுகையில் ஐம்பது இஞ்சினீயர்களின் கல்லூரிச் சம்பளம் கணக்கில் எழுதவும் போதாத தொகை என்பதைக் கஜானாவினர் மறந்துவிடக் கூடாது.

சட்டம் இயற்றுவதில் நாம் பின்தங்கியவர்களல்லர். பஸ், ரயில், மெட்ரோ, வீதி ஆகிய யாவற்றையும் ஒன்றுசேர்த்து நோக்குவதற்காகச் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமச் சட்டம் 2010 இல் நிறைவேறியது. அது அமலுக்கு வந்தது 2019 இல். குழுமத்தின் முதற்கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். சட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே கழிந்த பன்னிரண்டு வருஷங்களில் ஒரு குழந்தை பிறந்து ஆரம்பப் பள்ளியை முடித்துவிடும். அதே 2022 இல் பெருநகரின் எல்லை 1,189 சதுர கிலோ மீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோ மீட்டராக விஸ்தரிக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்து மடங்கு! அரக்கோணத்து வயல் வெளியையும் சென்னையின் போக்குவரத்தில் சேர்த்துக் கணக்கிடவேண்டிய நிலை வந்திருக்கிறது. கணக்கிடுகிறவர்களின் தொகையும் பயிற்சியும் ஐந்து மடங்கு ஆயினவா என்று சட்டசபையில் ஒருவராவது வினவியதுண்டா?

1927 இல் இந்திய ரஸ்தாக்களின் நிலையை ஆராய ஒரு கமிட்டி அமைந்தபோது, அதற்குத் தலைமை வகித்தவர் பம்பாயின் பிரபல வக்கீலான ஜயகர். வக்கீலுக்கும் ரஸ்தாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றும் சிலர் சிரித்திருப்பர். அக்கமிட்டியின் யோசனைகளைத் தொடர்ந்தே ரஸ்தா நிதி ஏற்பட்டது. 1934 இல் இந்திய ரஸ்தா காங்கிரஸும் பிறந்தது. இஞ்சினீயர்கள் வருஷந்தோறும் கூடித் தம் அனுபவங்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதே அதன் ஆதி நோக்கம். வேலையையும் கல்வியையும் வெவ்வேறாகப் பிரிக்கலாகாது என்ற எண்ணம் அந்த நாளிலேயே நம் நாட்டில் வேரூன்றியிருந்தது.

ஆகவே சர்க்காரைப் புதிய சர்வகலாசாலை கட்டும்படி நாம் கேட்கவில்லை. கட்டடங்கள் போதும். சென்னைக் கார்ப்பொரேஷனிலிருந்தும், நெடுஞ்சாலை இலாகாவிலிருந்தும், பஸ் கார்ப்பொரேஷனிலிருந்தும், ஜில்லா நகரங்களின் சபைகளிலிருந்தும் வருஷத்துக்கு ஐம்பது பேரைப் பொறுக்கி எடுத்துப் போக்குவரத்து மேற்பட்டத்துக்கு அனுப்ப ஓர் உத்தரவு போதும். வாரத்தில் ஒரு முழு நாள், சனிக்கிழமையையும் சேர்த்தால் இரண்டு நாள், வகுப்புக்கு என்று உத்தியோக நேரத்திலேயே விடவேண்டும். இரவு வகுப்புக்கு வரமுடியாத ஸ்திரீகளுக்கு இதனால் வழி பிறக்கும். படிக்கும் மூன்று வருஷமும் மாற்றல் கூடாது. தேறியவரை இரண்டு மாதங்களுக்குள் போக்குவரத்து வேலையில் அமர்த்தவேண்டும். அமர்த்தாத அதிகாரி காரணத்தை எழுத்தில் தரவேண்டும். ஒவ்வொருவரின் ஆராய்ச்சியும் தம் அதிகாரத்துக்குட்பட்ட ஒரு சந்தியையோ பஸ் பாதையையோ பற்றியதாக இருக்கட்டும். அவ்வாராய்ச்சிகளைத் தமிழில் சுருக்கி அந்தந்த வார்டு சபையின் முன் வைக்கட்டும். தங்கள் வீட்டு வாசலில் ஏன் விளக்கு வைக்கப்பட்டது, ஏன் வைக்கப்படவில்லை என்பதை வரி கொடுக்கும் ஜனங்கள் அறிந்துகொள்ளட்டும்.

முதல் ஐம்பது பேரைப் பொறுக்குவதில் ஒரு விஷயத்தை மாத்திரம் கவனிக்க வேண்டுகிறோம். ஓய்வு பெற இரண்டு மூன்று வருஷமே பாக்கியுள்ள மேலதிகாரிகளுக்குப் பட்டத்தைப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவர்களுக்குச் சால்வை போர்த்தி மரியாதை செய்யலாம். இந்த ஐம்பது இடமும் நாற்பது வயதுக்கு உட்பட்ட உதவி இஞ்சினீயர்களுக்கே உரியதாக இருக்கவேண்டும். அவற்றில் பாதியேனும் சென்னைக்கு வெளியே மதுரை, கோயமுத்தூர், திருச்சி, திருநெல்வேலி, சேலம் ஆகிய நகரங்களில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒதுக்கப்பட்டு, அவரவர் ஊர்க் கல்லூரியிலேயே வகுப்புக்கும் ஏற்பாடு செய்யப்படவேண்டும்.